எடுக்கட்டுமா?

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு என்னிடம் இருந்த எண் இப்போது வேறு யாரிடமோ போய்விட்டது. அழைத்தால் மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் எடுத்து, உரக்கடையா என்று விசாரிக்கிறார். மகளோடு ஷார்ஜாவில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஆகவே எல்லோரும் கூப்பிட்டதுபோல லாத்தா என்றே வைத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேட்காமல் ஒருவரைப் பற்றி எழுதுவது அவர் பார்வையில் திருட்டு. பெயரை விட்டுவிட்டால் சில்லறைத் திருட்டாகவாவது குறையும் என்பது என் நம்பிக்கை.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல், "எடுக்கட்டுமா?"

கேட்டது ஓர் ஆட்டிடம். பாபநாசத்துக்குக் கீழே, ஆற்றங்கரை விடுதி ஒன்றின் சுற்றுச்சுவர்மேல் அந்த ஆடு நின்றுகொண்டிருந்தது. பின்னால் மலை. மலைமேல் ஈரவேட்டியைக் காயப்போட்டதுபோல மேகம். தலையில் முக்காடும் கழுத்தில் கேமராவுமாக, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி ஆட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் கேமராவை இறக்கினார்.

"அதுக்கு இஷ்டமில்ல" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டுக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துபோனார்.

நாங்கள் அங்கே கூடியிருந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல் படம் எடுக்க ஆசைப்படுகிற பத்துப் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். சில நாள் அந்த விடுதியில் தங்கவைத்து, அவரவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லப் பழக்குவார்கள். கடைசி நாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டல் அரங்கில், சினிமா நிபுணர்கள் முன்னால் எங்களை ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். ஏழு நிமிடத்துக்குள் படத்தைச் சொல்லி, இதை எடுக்கத் துணை நில்லுங்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு பிட்ச் என்று பெயர். பெண் பார்க்கும் சடங்கில் நானே பெண்ணாகவும் நானே சொஜ்ஜி பஜ்ஜியாகவும் இருப்பதுபோல என்று புரிந்துகொண்டேன்.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவன். தலைக்கு மை பூசுகிற வயது. ஆற்று மண்டபத்தில் குடியிருக்கும் ஒரு பேய், மனிதர்களைக் கண்டு பயந்து நடுங்குகிறது என்பது என் கதை. முதன்முதலில் என் மனைவியிடம் சொன்னபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது உங்க வாழ்க்கை வரலாறுல்லா" என்றாள். அதற்குமேல் ஒரு விமரிசனம் இதுவரை வரவில்லை.

காலையில் பயிற்சிக்கு முன்னால் எல்லோரும் கேமராவோடு வெளியே திரிவோம். அந்தப் பக்கத்துக் காலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறும் வயலும் வாழைத்தோப்பும் இன்னும் உலகம் முடிவாகத் தீர்மானிக்கப்படாததுபோலக் கிடக்கும். மரங்கள் இருக்குமிடத்தில் மரங்களின் யோசனைதான் இருக்கும். மற்றவர்கள் கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளுவார்கள். லாத்தா கேட்டுக்கொண்டே போவார். வாழைத்தோப்பில் தார் சுமப்பவர்களிடம் கேட்டார். ஒரு பெரியவர் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டார். கூட இருந்த பெண்கள் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். லாத்தா வரப்பில் உட்கார்ந்து, அவர்கள் தலையும் உடலும் வராதபடி கேமராவை உயர்த்திப் பிடித்து எடுத்தார். அன்று மாலை திரையில் போட்டுக் காட்டியபோது, பனியிலிருந்து வாழைத்தார்கள் தாமாகவே புறப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, அசைந்து அசைந்து, எங்கோ கல்யாணத்துக்குப் போவதுபோலப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சென்னைத் தம்பி, படத்தில் மனிதர்கள் எப்போது வருவார்கள் மேடம் என்று கவலையோடு கேட்டார்.

குளிக்கும் துறைக்கும் ஒருநாள் போனோம். கூட்டம். இத்தனை பேரிடம் எப்படிக் கேட்பது என்று நான் கேட்டேன். கேட்க முடியாது என்றார். கொஞ்சம் கீழே இறங்கிப்போய், முதுகைத் துறைக்குக் காட்டி நின்று, தண்ணீரை மட்டும் எடுத்தார். துறையின் சிரிப்பும் கூச்சலும் கேட்கும். சோப்பு நுரை மட்டும் மெதுவாக மிதந்து வந்து, சுழலில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். குளிப்பவர்களை எடுத்திருந்தால் இவ்வளவு பேர் அந்தப் படத்துக்குள் வந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. உடனே அதை ஆற்றில் விட்டுவிட்டேன். எனக்கு வருகிற நல்ல யோசனைகள்மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

என்னையும் ஒருமுறை கேட்டார். ஒத்திகை நாள் அது. என் முறைக்காகக் காத்திருந்தேன். என் கைகள் இரண்டும் முழங்காலின்மேல் எனக்குத் தெரியாமல் ஏதோ தவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. "தம்பி, இந்தக் கைய எடுக்கட்டுமா?" என்றார். தாராளமாக என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள். அவர் கேமராவைத் தூக்கவேயில்லை.

"பயத்துல சொல்லுதீங்க. இப்ப ஒங்கள யாரு என்ன கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவீங்க."

உண்மைதான். அந்த நேரத்தில் ஒருவர் வந்து சிறுநீரகம் கேட்டிருந்தால் இடதா வலதா என்று மட்டும்தான் விசாரித்திருப்பேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் மதியம் துண்டு துண்டாகச் சொன்னார். அவர் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் கூடியிருக்கும் பகுதிக்குள் ஆண்கள் போக முடியாது. வீடியோ எடுக்கிறவனும் ஆண்தானே, அவனும் வாசலோடு சரி. அதனால் பெண்கள் பக்கத்துக் கல்யாணம் அவர்கள் ஞாபகத்தைத் தவிர வேறெங்கும் பதிவாகாமல் போய்க்கொண்டிருந்தது. வளைகுடாவில் இருக்கும் அண்ணன் ஒரு கேமரா கொண்டுவந்து கொடுக்க, லாத்தா இளம் வயதிலேயே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். நுழைந்தவுடன் ஒவ்வொரு பெண்ணிடமும் போய்க் கேட்பார். சிலர் சரி என்பார்கள். சிலர், மச்சான்மார் பார்ப்பார்களே, வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடக்கும்போது உள்ளங்கையால் லென்ஸை மூடிக்கொள்வார். கேமராவை நிறுத்த மாட்டார்.

"நிறுத்துனா பாட்டு அறுந்து போயிருமே" என்றார்.

ஆகவே அவர் எடுத்த கல்யாண வீடியோக்களில், பாட்டு நடந்துகொண்டிருக்க, அவ்வப்போது திரை முழுக்க ஒரு செவ்விருட்டு வரும். பந்தல் விளக்குகள் உள்ளங்கைச் சதைக்குள் ஊடுருவி வருகிற சிவப்பு. துபாயிலும் ரியாத்திலும் அறைகளில் கூட்டமாக உட்கார்ந்து அந்த வீடியோ பார்க்கும் ஆண்கள், அந்தச் சிவப்பு வந்ததும், லாத்தா கை வந்துட்டு, தேத்தண்ணி போடுங்கடா என்பார்களாம். எனக்கு என்னவோ அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்த்தும்விட்டேன், பிட்சுக்கு அவர் கொண்டுவந்திருந்த படத்துண்டிலேயே அது இருந்தது.

மின்சாரம் போயிருந்த ஒரு பிற்பகல், மடிக்கணினியில் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிய படம். பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே, பெண்கள் தெருவுக்கு வராமலே போய்வரும் முடுக்கு. சிநேகிதியின் கணவர் சவுதியில் வேலை பார்த்தார். செல்போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி வருவதற்கு முந்திய காலம் அது. லாத்தா அவளை வீடியோ எடுத்து, ஊரிலிருந்து போகிற யார் கையிலாவது கேசட்டைக் கொடுத்து அனுப்புவார். சிநேகிதி மாவு பிசைவாள். பிள்ளைக்குத் தலை பின்னுவாள். எழும்பிக்கொண்டிருக்கும் புதுச் சுவரைத் தட்டிக் காண்பிப்பாள். அந்தப் பக்கம் அவர் அதைப் போட்டுப் பார்த்துப் பதில் எழுதுவார். இப்படியே வருஷங்கள். பிறகு அவர் அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். ஊருக்கு வந்தது அவருடைய பெட்டி. அதில் துணிகளுக்கு அடியில் எல்லாக் கேசட்டும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

திரும்பி வந்த அந்தக் கேசட்டுகள்தான் படம். ஆனால் திரையில் சிநேகிதியின் முகம் வரவே இல்லை. லாத்தா ஒவ்வொரு காட்சியையும் பெரிதாக்கி, முகத்தை விலக்கி, மற்றதை மட்டும் வைத்திருந்தார். மாவுக்குள் புதையும் விரல்கள். முக்காட்டின் ஓரம். முடுக்குச் சுவரில் முன்னே போகும் நிழல். பெரிதாக்கப் பெரிதாக்க அந்தப் பழைய படம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல ஆகியிருந்தது. தேதி தெரியாத ஏதோ வெயில். விலக்க வழியில்லாத இடத்தில் அந்தச் செவ்விருட்டு. குரல் மட்டும் கேட்டது. "இந்தச் சன்னலு கடல்பக்கம் பாத்து வச்சிருக்கோம். நீங்க வரும்போது காத்து வரும்."

முகம் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"கை வரட்டும், கொரல் வரட்டும்னுட்டா. மொகம் அவருக்குக் குடுத்தது, அது வேண்டாம்னா. எங்கிட்ட இருக்குறது அமானிதம் தம்பி." ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருளுக்கு அவர்கள் வழக்கில் அந்தச் சொல்.

இன்னொரு விஷயமும் சொன்னார். கேசட்டுகளைப் பூஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. கடற்கரை ஊர், உப்புக்காற்று. ஒவ்வொரு மழைக்காலமும் ஒன்றிரண்டைத் தின்றுவிட்டுப் போகிறது. நாடாவைச் சுத்தம் செய்து மாற்றித் தருகிற நல்ல கூடம் மும்பையில் இருக்கிறதாம். அதற்கெல்லாம் ஒரு தயாரிப்பாளர் பின்னால் நின்றால்தான் முடியும். இந்த பிட்ச் பலிக்காவிட்டால் இன்னும் சில மழையில் படமும் இல்லை, கேசட்டும் இல்லை. இதை அவர் பெருமூச்சு எதுவும் இல்லாமல், குழம்புக்குப் புளி போதாது என்பதுபோலச் சொன்னார்.

கடைசி நாள் வந்தது. வண்ணார்பேட்டை ஹோட்டலின் மாடி அரங்கம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் நிபுணர்கள். அவர்களில் முக்கியமானவர் மும்பையிலிருந்து வந்த ஆவணப்படத் தயாரிப்பாளர். பூர்வீகம் நம் பக்கம்தான். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசுவது தாத்தா கொண்டுபோன நெல்லைத் தமிழ். இங்கே நாங்களே மறந்துவிட்ட சொற்களெல்லாம் அவரிடம் புத்தம் புதிதாக இருந்தன. என் வயிற்றை நம்பாத என் மனைவி, தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் லாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என் பிட்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது நடந்ததும் சுருக்கமாகத்தான். மைக்கைப் பிடித்ததும், வங்கி விழாக்களில் பேசிப் பழகிய வாய், என்னைக் கேட்காமலே "நன்றி, வணக்கம்" என்றது. கால்கள் அதை நம்பிக் கீழே இறங்கத் தொடங்கின. திரும்ப ஏற்றிவிட்டார்கள். பதற்றத்தில் கதையின் முடிவை முதலில் சொல்லிவிட்டேன். அப்புறம் நடுப்பகுதியைச் சொன்னேன். ஆரம்பத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மும்பைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தப் பேயி கடைசியில எங்க வே போச்சு?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாத நாட்களை நான் தனியாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அடுத்து லாத்தா. அவர் அதிகம் பேசவில்லை. திரும்பி வந்த கேசட்டுகளைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லிவிட்டுப் படத்துண்டை ஓடவிட்டார். விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் அந்த விரல்களும் நிழலும் வந்தபோது, அரங்கமே ஆற்றுக்கு அடியில் போய்விட்டது. சன்னலைப் பற்றிய அந்தக் குரல் வந்தது. செவ்விருட்டு வந்து, திரையை நிரப்பி, போயிற்று. விளக்கு எரிந்ததும் மும்பைக்காரர் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அக்கா, அந்தக் கேசட்டுல அவங்க மொகம் இருக்குல்லா?"

"இருக்கு."

"கடைசியில ஒரே ஒரு தடவ அதக் காட்டுங்க. படம் முழுக்கத் தேடவிட்டுட்டு, முடிவுல அவங்க இப்படி நிமுந்து நம்மளப் பாக்காங்க. அவ்வளவுதான். நான் எடுத்துக்கிடுதேன் இந்தப் படத்த. கேசட்ட மாத்துறதுல இருந்து எல்லாம் என் பொறுப்பு."

அரங்கில் ஒரு முனகல் எழுந்தது. ஆமா, அதேதான் என்கிற முனகல். நானும் முனகினேன். அவர் சொன்னது கெட்ட யோசனையாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. உண்மையிலேயே நல்ல யோசனை. அந்த முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக அந்த அரங்கில் ஒருவருக்கும் மனதில்லை.

லாத்தா, "அவகிட்ட கேக்கணும்" என்றார்.

"கேளுங்க, பைய கேட்டு ஒரு வாரத்துல சொல்லுங்க" என்று மும்பைக்காரர் சொல்லி முடிப்பதற்குள், லாத்தா கைப்பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டார். நிபுணர்கள் முன்னால் நிற்கும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். நேரம் பார்க்கும் பெண் மணிமேல் கையை வைத்தபடி, அடிப்பதா வேண்டாமா என்று திகைத்து நின்றாள்.

சலாம் சொன்னார். சாப்பிட்டியா என்று விசாரித்தார். மாத்திரை போட்டாயா என்றார். ஏழு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிற மேடையில் ஒருவர் இன்னொருவரின் மாத்திரையைப் பற்றி விசாரிப்பதைக் கேட்டு எனக்கு வியர்த்தது. பிறகு அவர் கண்ணாடிப் பக்கம் நடந்தார். ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. "கெடைக்கும்னுதான் சொல்லுதாங்க" என்றதும், "சரி புள்ள, வைக்கட்டா" என்றதும் மட்டும் கேட்டது.

திரும்பி வந்து, "காட்டிக்கோன்னுட்டா" என்றார்.

அரங்கம் கைதட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன். தட்டாமல் இருந்தது என் மனைவி ஒருத்திதான். அவள் லாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் ஓயும்வரை லாத்தா பொறுத்திருந்தார்.

"ஆனா நான் காட்ட மாட்டேன்."

மும்பைக்காரருக்குப் புரியவில்லை. "அவங்களே சரின்னுட்டாங்கல்லா அக்கா?"

"முதல்ல ஒண்ணும் சொல்லாம இருந்தா. பெறகு, அதக் காட்டுனா ஒனக்கு ஆள் கெடச்சிருமாடின்னு கேட்டா. கெடைக்கும்னு சொல்லுதாங்கன்னேன். அப்பத்தான் காட்டிக்கோன்னா." போனைக் கைப்பைக்குள் போட்டார். "அது எனக்காவச் சொன்ன சரி தம்பி. அத வாங்கி வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

மணி அப்போதுதான் அடித்தது. மும்பைக்காரர் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, அந்த முகம் இல்லாமல் இதைப் பணம் போடுகிற எங்கள் ஆட்கள் முன்னால் நிறுத்த எனக்குத் தெம்பு கிடையாது என்று நேராகவே சொன்னார். லாத்தா அதற்கு, நல்லது, வெளிப்படையாகச் சொன்னீர்கள் என்றார். மடிக்கணினியின் வயரைப் பிடுங்கி, நிதானமாகச் சுற்றிக்கொண்டு இறங்கினார். சுற்றும்போது வயர் இரண்டு முறை கையிலிருந்து நழுவியது.

கீழே ஹோட்டலின் பின்பக்கத்துப் புல்தரையில் மூன்று பேரும் தயிர்ச்சோறு சாப்பிட்டோம். நான் விடவில்லை. ஒரு முகம்தானே லாத்தா, கேசட் முழுக்கப் போய்விடுமே, அப்போது அமானிதமும் சேர்ந்துதானே போகும் என்று வக்கீல்போல வாதாடினேன். லாத்தா சோற்றைப் பிசைந்தபடி, "போவும்" என்றார். பதில் என் மனைவியிடமிருந்து வந்தது.

"கல்யாணத்துக்கு முந்தி நீங்க எனக்குக் குடுத்த போட்டோவ நான் ஊரெல்லாம் காட்டிருந்தா ஒங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"பெருமையா இருந்திருக்கும்."

"அதான் சொல்லுதேன், ஒங்களுக்கு வெளங்காது. ஊறுகாய எடுங்க."

லாத்தா அன்று முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முக்காட்டின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டதை நான் பார்க்காததுபோல ஊறுகாய்ப் பொட்டலத்தோடு போராடினேன். அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது எப்போதுமே எனக்குச் சிரமம். அன்று கொஞ்சம் கூடுதலாகவே சிரமப்பட்டேன்.

சில வாரம் கழித்து மும்பைக்காரர் எனக்குப் போன் செய்தார். பேய்க்கு வாழ்வு வந்துவிட்டது என்று நினைத்து, எழுந்து நின்றுதான் பேசினேன். அவர் கேட்டது லாத்தாவின் முகவரியை.

"கேசட்ட மட்டும் அனுப்பச் சொல்லும் வே. படத்துக்கு இல்ல. அழிஞ்சுபோவப்பிடாதுன்னுதான். இங்க அந்தக் கூடத்துல ஒரு பொண்ணு இருக்கா, அவதான் ஒக்காந்து மாத்துவா. வேற ஆம்பளை யாரும் உள்ள போவ மாட்டாங்க, நானும்தான். அந்த அக்காட்ட இதையும் சொல்லும்."

சொன்னேன். லாத்தா உடனே சரி என்று சொல்லவில்லை. சிநேகிதியிடம் கேட்க வேண்டும் என்றார். எத்தனை முறை, எப்படிக் கேட்டாரோ தெரியாது. ஒரு மழைக்காலம் முழுக்க எந்தச் சேதியும் இல்லை. மழை பெய்யும்போதெல்லாம் நான் பூஞ்சையை நினைத்துப் பதறினேன். என் வீட்டுக் கூரை ஒழுகியதைக்கூட அவ்வளவு கவனிக்கவில்லை. தை பிறந்த பிறகு போன் வந்தது. கேசட்டெல்லாம் போய், பத்திரமாக மாறி, திரும்பியும் வந்துவிட்டன, படம் முடிந்துவிட்டது, முகத்தோடு முழுசாக ஒரு படம். காயல்பட்டினத்தில் சிநேகிதியின் வீட்டிலேயே காட்டுகிறார்களாம். பெண்களுக்கு மட்டும். "அவளேதான் சொன்னா, இப்படிச் செய்வோமான்னு. நான் கேக்கவே இல்ல" என்றபோது லாத்தாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. வீட்டம்மாவை அனுப்பி வையுங்கள் என்றார்.

அனுப்புவதாவது, நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி நேரத்தில் யாராவது மனம் இளகி, நீங்களும் வாங்க என்று சொல்லக்கூடும் என்று ஓர் அற்ப ஆசை. யாரும் இளகவில்லை. மனைவி உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது. தெருவில் என்னைப்போலவே கொண்டுவந்து விட்டவர்கள், கணவன்மார், மகன்மார் என்று வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலியும் இஞ்சி போட்ட தேத்தண்ணியும் வந்தன. எல்லோரும் எதிரே இருந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் முதலில் ஒரே பேச்சுச் சத்தம். பிறகு அடங்கியது. மாவு பிசையும் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். குழந்தை ஒன்று பழங்காலத்தில் அழுதது. ஓரிடத்தில் உள்ளே அத்தனை பெண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். வெளியே நாங்களும் காரணம் தெரியாமல் சிரித்துக்கொண்டோம். அதன் பிறகு வெகுநேரம் எதுவுமே கேட்கவில்லை. என் பக்கத்து நாற்காலிக்காரர் டம்ளரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார்.

கதவு திறந்து பெண்கள் வந்தார்கள். வாசலில் லாத்தா நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் உள்ளிருட்டில் இன்னொருவர் நிற்பது தெரிந்தது. நான் நாகரிகமாக என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

தென்திருப்பேரை தாண்டும்வரை மனைவி வாய் திறக்கவில்லை. சாயங்கால வெயில் வாழைத்தோப்புக்குள் படுத்துக்கிடந்தது. ஆறு பக்கத்தில் வருவதும் மறைவதுமாக இருந்தது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"இல்ல... மொகம்?"

அவள் சன்னல் கண்ணாடியை இறக்கினாள். காற்றில் முன்மயிர் கலைந்தது.

"அந்த வீட்டு அக்காவேதான் போட்டுக் காட்டுனாங்க. ஒரு எடத்துல, சின்ன வயசு, மொதக் கேசட்டா இருக்கும், என்ன பேசணும்னு தெரியாம சும்மா பாத்துட்டே நிக்காங்க. அந்தால சிரிப்பு வந்துருச்சு. எங்க எல்லாருக்கும் சிரிப்பு வந்துருச்சு." சொல்லும்போதே அவளுக்கு அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது. கண் நிறைந்தும் இருந்தது.

நான் அவளைப் பார்த்தேன். மூக்கின் பக்கத்தில் ஒரு மச்சம். இத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. வெயில் கன்னத்திலிருந்து காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.